தாத்தாவின் அத்தெல்

"அம்மா, பாரிசவாதம் எண்டால் பாரிஸில மட்டும் வாற வருத்தமோ?"

பாரிஸின் லாச்சப்பல் பகுதியில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் ஒரு வாண்டு கேட்ட கேள்வி இது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாரிசம் என்றால் பக்கம். உடம்பின் ஒரு பக்கம் செயலிழந்து போவதால் வந்த பெயர். தமிழ்நாட்டில் பக்கவாதம் என்பார்கள்.

வாண்டின் கண் முழுக்கப் பக்கத்தில் நின்ற தாத்தாவின் இடது கையில் இருந்தது. முன்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு. மேலே மூன்று பட்டிகள். பிரெஞ்சில் அதை 'அத்தெல்' என்பார்கள். கை முறிந்தால் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தாத்தாவின் கை முறியவில்லை. பழுது மூளையில்.

எப்படி? உங்கள் தசைகளுக்குள் குட்டிக் காவலாளிகள் உண்டு. தசையைச் சட்டென்று இழுத்தால் அவை முள்ளந்தண்டு வடத்துக்குச் செய்தி அனுப்பும். வடம் மூளையைக் கேட்காமலே "சுருங்கு!" என்று கட்டளையிடும். முழங்காலுக்குக் கீழே டாக்டர் சுத்தியலால் தட்டும்போது கால் துள்ளுவது இதனால்தான். வடம் இப்படி அவசரப்படாதிருக்க, மூளை மேலிருந்து "பொறு, பொறு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மூளையில் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அந்தப் பகுதி இறந்துபோகும். "பொறு" கீழே வராது. அப்போது தசைகள் விறைக்கும். கையில் மடக்கும் தசைகளே பெரும்பாலும் வெல்வதால் விரல்கள் பொத்திக்கொள்ளும். வெடுக்கென்று விரித்தால் இன்னும் இறுகும். மெல்ல மெல்ல விரித்தால் கொஞ்சம் இணங்கும்.

(யாருக்காவது திடீரென்று வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் பிரான்ஸில் உடனே அவசர எண் 15ஐ அழையுங்கள். லாச்சப்பலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் லாரிபுவாசியேர் மருத்துவமனையில் பாரிசவாதத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு.)

அந்தப் "பொறு" வரும் பாதை பழுதானதா என்று கண்டுபிடிக்கும் வழி ஒன்று 1896இல் இதே பாரிஸில் கிடைத்தது. உள்ளங்காலைக் கோடு இழுப்பதுபோல் வருடினால் நம் பெருவிரல் கீழே மடங்கும். பாதை பழுதானவருக்கு அது மேலே நிமிரும். பச்சைக் குழந்தைக்கும் நிமிரும், ஏனென்றால் அதன் பாதை இன்னும் முற்றவில்லை. இதைச் சொன்னவர் ஜோசப் பாபின்ஸ்கி. அவருடைய அப்பா போலந்திலிருந்து அகதியாக வந்தவர். கண்டுபிடிப்பைப் பாபின்ஸ்கி எழுதியது வெறும் 28 வரிகளில்! நீளமாக எழுதச் சொல்லும் ஆசிரியர்களுக்கு இதைக் காட்டலாம்.

சரி, விரலுக்குத்தானே தொல்லை, தட்டு ஏன் முன்கைவரை? நீங்களே செய்து பாருங்கள். உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி கையை நீட்டித் தளர விடுங்கள். மணிக்கட்டைத் தொங்கவிட்டால் விரல்கள் நீளும். மணிக்கட்டை மேலே நிமிர்த்தினால் அவை தாமாக மடங்கும். விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டைப் பிடிக்காமல் விரலை மட்டும் பிடித்துப் பயனில்லை.

அத்தெல் செய்வதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. கையைத் தாளில் வைத்து வரைந்து, அந்த அளவுக்குப் பிளாஸ்டிக்கை வெட்டி, சுமார் 70 பாகை சுடுநீரில் போடுவார்கள். அது சுட்ட ரொட்டிபோலத் தொய்ந்துவிடும். கொஞ்சம் ஆறவிட்டுக் கையில் வைத்து அமுக்கினால் சில நிமிடத்தில் கையின் வடிவிலேயே இறுகும். பட்டிகள் வெல்க்ரோ, அந்தப் பெயரே வெலூர், குரோஷே என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்களின் ஒட்டு.

இதைப் போட்டால் விறைப்புப் போய்விடுமா? 2007இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் பாரிசவாதம் வந்த 63 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். இரண்டு குழுக்கள் 4 வாரம் இரவில் அத்தெல் அணிந்தன, ஒன்று அணியவில்லை. கடைசியில் அளந்து பார்த்தால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! அத்தெல் மந்திரக்கோல் இல்லை என்று அப்போது தெரிந்தது. ஆனாலும் பொத்திய விரல்களின் நகம் உள்ளங்கையில் குத்தும். வியர்வை தேங்கிப் புண்ணாகும். விரல்களை விரித்து வைத்தால் அந்தத் தொல்லை குறையும். விறைப்பைத் தளர்த்தப் பயிற்சி உண்டு, சிலருக்கு ஊசியும் உண்டு.

வாண்டு கடைசியில் தாத்தாவிடமே கேட்டுவிட்டது: "உங்கட கைக்கு என்ன நடந்தது?"

"இது கைக்குக் கட்டில், ராசா. அது படுத்திருக்கு" என்றார் தாத்தா. பிறகு குனிந்து ஒரு பட்டியை நீட்டினார். வாண்டு பிடித்து இழுத்தது.

சர்ர்ர்ர்!