58 வயதில் தொடங்கிய புது வேலை

ஓய்வு பெறும் நாளில் மாலை போடுவார்கள். நாலு பேர் புகழ்ந்து பேசுவார்கள். வீட்டு வாசல் வரை வந்து விட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலையில்தான் கஷ்டம் தெரியும். எழுந்தால் போக இடம் இல்லை. "ஐயா" என்று கூப்பிட ஆள் இல்லை. "இனி நாம் யாருக்கு வேண்டும்?" என்ற எண்ணம் மனதை அரிக்கும்.

1976-ம் ஆண்டில், மதுரையில் ஒரு கண் டாக்டர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றார். அவருக்கு வயது 58. மனைவி இல்லை, மக்கள் இல்லை. கை விரல்களோ முடக்குவாதத்தால் வளைந்து போயிருந்தன. அவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்து விட்டிருந்தால், யாரும் குறை சொல்லி இருக்கமாட்டார்கள்.

ஆனால் அவர் சாயவில்லை. அப்போதுதான் தன் வாழ்வின் பெரிய வேலையைத் தொடங்கினார்.

அவர்தான் டாக்டர் கோ. வெங்கடசாமி. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை நிறுவியவர்.

மணலில் எழுதியவர்

தென் தமிழ்நாட்டில் உள்ள வடமலாபுரம் என்ற சிறு கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில், 1918-ம் ஆண்டு பிறந்தார் வெங்கடசாமி. வீட்டில் அவர்தான் மூத்த பிள்ளை. மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதித்தான் எழுத்துக் கற்றுக்கொண்டார்.

அந்த ஊரில் டாக்டர் கிடையாது. உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர், பேறுகாலத்தில் அடுத்தடுத்து இறந்து போனார்கள். அதைப் பார்த்த சிறுவன் மனதில், "நான் டாக்டர் ஆவேன்" என்ற உறுதி பிறந்தது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, 1944-ல் டாக்டர் ஆனார். பிரசவ வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தார்.

அங்கேதான் இடி விழுந்தது.

வளைந்த விரல்கள்

அவருக்கு 30 வயது இருக்கும். கடுமையான முடக்குவாதம் வந்தது. மூட்டுக்கு மூட்டு வீக்கம். நிற்க முடியவில்லை, நடக்க முடியவில்லை. மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ராணுவ வேலை போயிற்று. கை விரல்கள் கோணலாகிவிட்டன. பிரசவம் பார்க்கும் ஆசையும் அதோடு போயிற்று.

ஓரளவு குணம் ஆனதும் அவர் கண் வைத்தியம் படித்தார். வளைந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகினார். கண் ஆபரேஷனில் கை மயிரிழை பிசகக் கூடாது. அப்படிப்பட்ட வேலையை அந்த விரல்கள் கற்றுக்கொண்டன! தன் வாழ்நாளில் அவர் செய்த கண் ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம்.

1956 முதல் மதுரை அரசாங்க ஆஸ்பத்திரியில் கண் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தினார். 1973-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கண்புரை என்பது என்ன? கண்ணின் பாப்பாவுக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு வில்லை இருக்கிறது. வயதானால் அது மங்கிப்போகும். பார்வை மறையும். ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். ஆனால், "வயசானால் கண் தெரியாதுதான்" என்று எண்ணி, ஆயிரக்கணக்கானவர்கள் இருட்டிலேயே காலம் கழித்தார்கள்.

முகாம்களில் இவர்களைத்தான் அவர் பார்த்தார். அரசாங்கம் ஓய்வு கொடுத்தாலும், இவர்கள் அவரை விடவில்லை.

11 படுக்கைகள்

மதுரையில் 1976-ல் ஒரு சிறிய கண் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. மொத்தம் 11 படுக்கைகள். அரவிந்தரிடம் பக்தி கொண்டவர் டாக்டர். ஆகவே அந்தப் பெயரையே ஆஸ்பத்திரிக்கு வைத்தார்.

பணம்? வீடு அடமானத்துக்குப் போனது. குடும்பத்துப் பெண்களின் நகைகளும் அடகுக்குப் போயின. ஆஸ்பத்திரி நடக்காவிட்டால், குடும்பமே தெருவில் நிற்க வேண்டியதுதான்.

தந்தை இறந்த பிறகு, தம்பி தங்கைகளைத் தந்தை போல் இருந்து படிக்க வைத்தவர் வெங்கடசாமி. அவர்களுக்காகவே கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டார். இப்போது அண்ணன் அழைத்தார். தங்கை டாக்டர் நாச்சியார் வந்தார். அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி வந்தார். தம்பிமார்கள் வந்தார்கள். வேலையோ இரவு பகலாக, சம்பளமோ சொற்பம். அண்ணனோ சம்பளமே வாங்கவில்லை. தன் பென்ஷனில் காலம் தள்ளினார்.

மனைவி மக்கள் இல்லாத அவருக்கு, ஒரு பெரிய வீடே உருவாகிவிட்டது.

இலவசம் நடந்தது எப்படி?

வசதி உள்ளவர்கள் பணம் கொடுத்தார்கள். அந்த வருமானத்தில் ஏழைகளுக்கு இலவச ஆபரேஷன் நடந்தது. இரண்டு பேருக்கும் டாக்டர் ஒருவரே, கத்தியும் ஒன்றே. அறையிலும் படுக்கையிலும்தான் வித்தியாசம்.

ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே, பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். டாக்டர் திரும்பினால் போதும். ஒரு நிமிடம் கூட வீணாகாது. கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஆபரேஷனைத் தவிர மற்ற வேலைகளில் பெரும்பகுதியை அவர்களே கவனித்துக்கொண்டார்கள்.

"இலவசம்" என்று சொல்லியும் முதலில் பலர் வரவில்லை. பஸ்சுக்குக் காசு இல்லை. சாப்பாட்டுக்கு வழி இல்லை. ஆகவே, பஸ்சில் அழைத்து வந்து, சோறு போட்டு, ஆபரேஷன் செய்து, ஊரில் கொண்டுபோய் விடவும் ஏற்பாடு செய்தார்கள்.

மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கும் முறை பிறகு வந்தது. வெளிநாட்டு வில்லையின் விலை, ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 1992-ல் மதுரையிலேயே வில்லை செய்யத் தொடங்கினார்கள். விலை பல மடங்கு இறங்கியது.

தேனி, நெல்லை, கோவை, புதுச்சேரி என்று ஆஸ்பத்திரி கிளைவிட்டது. 11 படுக்கையில் தொடங்கிய வேலையால் லட்சக்கணக்கானவர்கள் பார்வை பெற்றார்கள்.

போவது எது?

டாக்டர் வெங்கடசாமி 2006-ம் ஆண்டு ஜூலை மாதம், தமது 87-வது வயதில் காலமானார். ஓய்வு பெற்ற பிறகு அவர் வாழ்ந்தது ஏறக்குறைய 30 ஆண்டுகள். ஊர் அவரை நினைப்பது அந்த 30 ஆண்டுகளுக்காகத்தான்.

எல்லோரும் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. ஆனால், ஓய்வு பெற்ற வாத்தியாருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும். குமாஸ்தாவுக்கு மனு எழுதத் தெரியும். பிள்ளைகளைக் கரை சேர்த்த தாய்க்கு, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியும். அது தெரியாமல் தவிக்கும் வீடு அதே தெருவில் இருக்கும்.

ஓய்வு நாளில் நம்மை விட்டுப் போவது நாற்காலி மட்டும்தான். கற்ற வேலை கையிலேயே இருக்கிறது. அது யாருக்கு வேண்டும் என்று தேடிப் போனால், "ஐயா", "அம்மா" என்று கூப்பிட மறுபடியும் ஆள் இருக்கும்.