தேய்மானமா, சேதமா? வாரண்டி கார்டைப் படியுங்கள்!

தென்காசி, குற்றாலம் பக்கம் ஜூனில் சாரல் தொடங்கினால் ஆகஸ்ட் வரை காற்றில் ஈரம் இருந்துகொண்டே இருக்கும். ஐப்பசி பிறந்தால் இடி, மின்னல். இரண்டுமே கம்ப்யூட்டருக்கு ஆகாதவை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், "வாரண்டி இருக்கிறது, எது போனாலும் மாற்றித் தருவார்கள்" என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எந்தப் பாகம் கெட்டது என்பதை மட்டும் வாரண்டி பார்ப்பதில்லை. அது எதனால் கெட்டது என்பதையும் பார்க்கிறது.

மூன்று காரணங்கள்

குறைபாடு: தயாரிப்பிலேயே உள்ள கோளாறு. நன்றாக ஓடிய ராம் திடீரென்று வேலை செய்யாமல் போவது இந்த வகை. செலவு கம்பெனியுடையது.

தேய்மானம்: ஒழுங்காகப் பயன்படுத்தியும் வருவது. கீபோர்டில் எழுத்து அழிவது, லேப்டாப் பேட்டரி முன்போல நேரம் தாங்காதது போன்றவை. செலவு உங்களுடையது.

சேதம்: கீழே விழுந்தது, தண்ணீர் பட்டது, மின்னல் தாக்கியது, எலி வயரைக் கடித்தது. இதுவும் உங்கள் செலவுதான்.

வாடகை வீடும் வாரண்டியும்

இந்தப் பிரிவினை பழையது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-வது பிரிவில் இதைச் சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், குடியிருப்பவர் வீட்டை எடுத்துக்கொண்டபோது இருந்த நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். நியாயமான தேய்மானத்துக்கும், தடுக்க முடியாத சக்தியால் ஏற்பட்ட மாற்றத்துக்கும் அவர் பொறுப்பல்ல. அந்த நஷ்டம் வீட்டுச் சொந்தக்காரருக்கு. கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரர் நீங்கள்! ஆகவே தேய்மானமும் மின்னலும் உங்கள் கணக்கில் வந்து சேருகின்றன.

சில கம்பெனிகள் தேய்மானத்தை எண்ணாகவே எழுதிவிடுகின்றன. சாம்சங் 870 ஈவோ 1 டி.பி. எஸ்.எஸ்.டி.க்கு 5 ஆண்டு அல்லது 600 டி.பி. தகவல் எழுதும் வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான் வாரண்டி.

சண்டை எங்கே வருகிறது?

மதர்போர்டில் துரு இருந்தால், "தண்ணீர் பட்டிருக்கிறது" என்பார் சர்வீஸ் என்ஜினியர். "சாரல் காற்றுதான்" என்பீர்கள் நீங்கள். அப்போது பேச்சு உதவாது, ஆதாரம்தான் உதவும். எனவே:

* சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். கோளாறு என்ன, வெளியே கீறல் உண்டா என்பதை ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.
* வாரண்டியை மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். துருப்பிடித்த பாகத்தின் போட்டோவும் கேளுங்கள்.
* ஏ.எம்.சி. போடும்போது உதிரி பாகங்களும் அடக்கமா, பேட்டரி, மவுஸ், டோனர் போன்றவை விலக்கா என்று பாருங்கள்.
* தண்ணீர், வீழ்ச்சி போன்ற விபத்துக்குத் தனி பாதுகாப்புத் திட்டம் கிடைக்கும். அதிலும் தேய்மானம் பொதுவாகச் சேராது.

மறுப்பு நியாயமில்லை என்று தோன்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்னை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

வருமுன் காக்க

சாரல் காலத்தில் ஜன்னலோரம் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள். தினமும் சிறிது நேரமாவது ஓட விடுங்கள்; அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. இடி இடிக்கும்போது பவர் பிளக்கோடு நெட் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும். யு.பி.எஸ். மட்டும் அதைத் தடுத்துவிடாது.

பில்லோடு வந்த வாரண்டி கார்டை இன்றே எடுங்கள். "இவற்றுக்குப் பொருந்தாது" என்ற பகுதியை முதலில் படியுங்கள்.