திருச்சிராப்பள்ளிக் கோயில் யானைகளும் கோடை வெப்பமும்

திருச்சிராப்பள்ளியிலும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவிலும் உள்ள பெரிய கோயில்கள் சிலவற்றில் பெண் யானைகள் வளர்க்கப்படுகின்றன. திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலில் 1986ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் ஆண்டாள், அதற்குத் துணையாகப் பின்னர் வந்த லட்சுமி, திருவானைக்காவல் சம்புகேசுவரர் கோயிலின் அகிலா, மலைக்கோட்டைக் கோயிலின் லட்சுமி (பெயர் ஒன்றுதான், யானை வேறு) ஆகியவை இவ்வூர் மக்களுக்கு நன்கு அறிமுகமானவை. கோடை வந்தால் இவை ஷவரில் நனைவதும் குளத்தில் புரள்வதும் செய்திகளில் வரும். குளியல் தேவைதான். ஆனால் யானையின் உடல் வெப்பத்தை எப்படிச் சேர்க்கிறது, எப்படி வெளியேற்றுகிறது என்று பார்த்தால், அது இரவில் தங்கும் கொட்டிலும் பகலில் நிற்கும் தரையும் குளியலுக்குக் குறையாத முக்கியத்துவம் உடையவை என்பது விளங்கும்.

பெரிய உடலின் சிக்கல்

ஓர் உடலின் நீளமும் அகலமும் உயரமும் இரு மடங்கானால், மேற்பரப்பு நான்கு மடங்காகும். கன அளவோ எட்டு மடங்காகிவிடும். உடலுக்குள் வெப்பம் உண்டாவது கன அளவைப் பொறுத்தது, வெளியேறுவது தோலின் பரப்பைப் பொறுத்தது. ஆகவே உடல் பெருக்கப் பெருக்க வெப்பத்தை வெளியேற்றுவது கடினமாகிறது. மேலை நாடுகளில் செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் ஃபெரெட் என்ற சிறு விலங்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடைதான் இருக்கும். வியர்த்துக் குளிர்வது அதற்கும் இயலாது. 30 டிகிரி செல்சியசைத் தாண்டும் அறையில் அடைத்தால் விரைவிலேயே வெப்பத் தாக்குதலுக்கு உள்ளாகும். அதே சமயம், குளிர்ந்த இடத்துக்கு மாற்றினால் அதன் உடல் சூடு விரைவாகவே இறங்கத் தொடங்கும். மூன்று டன் எடையுள்ள யானை மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். ஒரு டம்ளர் காபி ஆறும் நேரத்தில் கல்யாண வீட்டுச் சாம்பார் அண்டா ஆறுவதில்லை அல்லவா?

யானைக்குக் கால் நகங்களை ஒட்டிய பகுதியைத் தவிர வேறெங்கும் வியர்வைச் சுரப்பிகள் இல்லை. நாயைப் போல நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக் குளிர்வதும் இல்லை. அதற்கு உதவும் முதல் உறுப்பு காது. மெல்லிய காது மடலின் பின்புறம் இரத்தக் குழாய்கள் பரவியுள்ளன. காதை விசிறும்போது அவற்றில் ஓடும் இரத்தம் குளிர்ந்து உடலுக்குத் திரும்புகிறது. ஆசிய யானையின் காது ஆப்பிரிக்க யானையின் காதைவிடச் சிறியது என்பதால், நிழலும் நீரும் நிறைந்த காட்டைவிட்டு வெட்டவெளியில் நிற்க வேண்டிவரும் ஆசிய யானைக்குச் சங்கடம் கூடுதல்.

இரண்டாவது உதவி தோல். சுருக்கங்களில் தங்கும் நீர் ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. ஆப்பிரிக்க யானையின் தோலிலுள்ள நுண்ணிய வெடிப்புகள், வழவழப்பான தோலைவிட 5 முதல் 10 மடங்கு நீரைப் பிடித்துவைக்கின்றன என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆசிய யானையின் தோலில் இத்தகைய வெடிப்புகள் குறைவு. எனவே அது விரைவில் உலர்ந்துவிடும். சேற்றுப் பூச்சின் பயன் இங்குதான். சேறு நீரைப் பிடித்துவைத்து மெல்ல ஆவியாக விடுகிறது. வெயில் நேரடியாகத் தோலில் படாமலும் தடுக்கிறது. குளித்த கையோடு யானை மண்ணை வாரி மேலே போட்டுக்கொள்வதைக் குறும்பு என்று பாகனைத் தவிர மற்றவர்கள் நினைக்கலாம். அது செய்வது தன் உடலுக்கான சிகிச்சை.

யானையின் உடலில் ஆங்காங்கே குத்திட்டு நிற்கும் முடிகூட வெப்பத்தைக் கடத்தி வெளியேற்ற உதவுகிறது என்று 2012ஆம் ஆண்டு ஆய்வொன்று கணக்கிட்டது. ('பாப் கட்' தலைமுடிக்குப் பெயர்பெற்ற மன்னார்குடி செங்கமலத்துக்கு இது பொருந்துமா என்று கேட்கக் கூடாது, அந்த ஆய்வு பேசுவது உடலில் அடர்த்தியின்றி வளரும் முடியைப் பற்றி.)

இரவில் நடப்பது

இதே 2012இல் வெளியான இன்னோர் ஆய்வு, தாய்லாந்து யானைகளையும் ஜெர்மனியின் மியூனிக் விலங்குக் காட்சிசாலை யானைகளையும் ஒப்பிட்டது. தாய்லாந்து யானைகளின் உடல் வெப்பநிலை இரவில் நன்கு இறங்கியது. பகலில் படிப்படியாக ஏறியது. அதாவது, வெப்ப நாட்டு யானை இரவிலேயே உடலைக் குளிர்வித்து, மறுநாள் வெயிலைச் சேர்த்துவைக்க இடம் செய்துகொள்கிறது. பகலில் சேர்ந்த கடனை அது அடைப்பது இரவில்தான்.

திருச்சிக்கு இது மிகவும் பொருந்தும். மே மாதத்தில் இங்கு பகல் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டுவது புதிதன்று. கத்திரி வெயில் எனப்படும் அக்கினி நட்சத்திர நாட்களில் இரவும் புழுக்கமாகவே இருக்கும். கருங்கல் தளம் பகல் முழுவதும் வெயிலை வாங்கி, இருட்டிய பின்னும் நெடுநேரம் சூட்டை வெளியிடும். மலைக்கோட்டைப் படிகளில் கோடை மாலையில் வெறுங்காலுடன் ஏறியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கல் மண்டபத்திலோ தகரக் கூரையின் கீழோ காற்றோட்டமின்றிக் கட்டப்பட்ட யானை, பகலில் மூன்று முறை குளித்தாலும் இரவில் ஆற முடியாது. உயரமான கூரை, அதன்மேல் தென்னங்கீற்று, இரு புறமும் திறப்பு, படுக்க மண் அல்லது மணல் தரை ஆகியவை ஷவரைவிட மலிவானவை, பயனும் நீடித்தது. மின்விசிறி வைப்பது நல்லதே; ஆனால் சூடான காற்றையே சுற்றவிடும் கொட்டிலில் அதனால் பெரிய பலன் இல்லை.

நீர் இருக்கும் காலமும் இல்லாத காலமும்

இரு ஆறுகளுக்கு நடுவே இருக்கும் ஊரில் யானைக்குத் தண்ணீருக்குப் பஞ்சமா என்று தோன்றும். மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்படும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய மாதங்களில், யானைக்கு நீர் மிகத் தேவைப்படும் நேரத்தில், அம்மா மண்டபத்துக்கு எதிரே காவிரி பெரும்பாலும் மணல்வெளியாகவும் மெல்லிய ஓடையாகவும் கிடக்கும். ஐப்பசியில் காவிரி நீரைக் குடத்தில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுவரும் ஆண்டாள், சித்திரையில் அதே ஆற்றில் முங்கிக் குளிக்க முடியாது.

எனவேதான் தனிக் குளங்கள் தேவைப்பட்டன. திருவானைக்காவலில் அகிலாவுக்காக நாச்சியார் தோப்பில் குளியல் குளமும், பின்னர் சேற்றுக் குளியலுக்கான இடமும் அமைக்கப்பட்டன. நாவல் மரத்தடி லிங்கத்துக்கு யானை ஒன்று காவிரி நீரால் திருமஞ்சனம் செய்த தலத்தில், இப்போது யானைக்கு ஊரார் நீர் நிரப்புகிறார்கள். ஆழமான குளத்தில் யானை தன் எடையை நீரில் தாங்கவிட்டு மூட்டுகளுக்கு ஓய்வு கொடுக்கலாம். எவ்வளவு நேரம் இருப்பது என்பதையும் தானே தீர்மானிக்கலாம். குழாயில் அடிக்கும் குளியலில் இந்த வசதி இல்லை. தேங்கிய நீரை அடிக்கடி மாற்றாவிட்டால் தோல் நோய் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடிநீர் தனி: வளர்ந்த யானை நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். தொட்டி எப்போதும் எட்டும் தூரத்தில், நிழலில் இருக்க வேண்டும்.

நடையும் தீனியும்

திருவரங்கத்தின் சித்திரைத் தேர்த் திருவிழா நடப்பது வெயில் உச்சத்தை நெருங்கும் காலத்தில். தார்ச்சாலையின் சூடு பாதத்தில் நேரடியாக ஏறும் என்பதால், நடைப்பயிற்சியையும் ஊர்வலத்தையும் அதிகாலைக்கோ பொழுது சாய்ந்த பிறகோ வைப்பதே முறை. வழியில் தண்ணீர் தெளித்தால் தரைச் சூடு சற்றுக் குறையும். கனத்த முகபடாமும் முதுகில் போர்த்தும் துணியும் காற்றுப் படுவதைத் தடுப்பவை; தேவை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

பசுந்தீனியும் தர்பூசணி, வெள்ளரி போன்றவையும் நீர்ச்சத்து தரும். பக்தர்கள் அன்போடு நீட்டும் வெல்லமும் வாழைப்பழமும் சோற்று உருண்டையும் அளவு மீறினால் உடல் பருக்கும். பருத்த யானைக்கு வெயில் இன்னும் கடினம். இவ்விஷயத்தில் பாகன் மறுத்தால் கோபித்துக்கொள்ளாமல் இருப்பதே நாம் செய்யக்கூடிய உதவி.

வெப்பம் அளவு மீறுவதற்கான அறிகுறிகளைப் பாகன்களே முதலில் கவனிக்கிறார்கள். காது இடைவிடாமல் அடிக்கும், யானை தீனியை ஒதுக்கும், சோர்ந்து நிற்கும். தும்பிக்கையை வாய்க்குள் விட்டுத் தொண்டையிலுள்ள நீரை உறிஞ்சித் தன் மேல் தெளித்துக்கொள்வது, அருகில் வேறு நீர் இல்லாத யானையின் செயல். அதைக் கண்டதும் நிழலுக்குக் கொண்டுபோய்க் குடிக்கக் கொடுத்து, காதின் பின்புறமும் வயிறும் கால்களும் நனையும்படி சாதாரண நீரைத் தொடர்ந்து ஊற்ற வேண்டும். கால்நடை மருத்துவருக்கும் உடனே சொல்லிவிட வேண்டும். உடல் பெரிது என்பதால் சூடு இறங்க நேரம் பிடிக்கும். தோல் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது என்று தண்ணீரைச் சீக்கிரம் நிறுத்திவிடக் கூடாது.