ஆறு நலமா? மீனைக் கேளுங்கள்!

மீன் பிடிக்கத் தூண்டில் வேண்டும். இல்லையென்றால் வலை வேண்டும். மின்சார நிலையத்தில் மீன் பிடித்த கதையைக் கேட்டிருக்கிறீர்களா?

1974ஆம் ஆண்டு நவம்பர் மாதம். லண்டன் நகருக்குக் கிழக்கே, தேம்ஸ் ஆற்றங்கரையில் வெஸ்ட் தர்ரக் என்ற இடத்தில் அப்போது ஓர் அனல்மின் நிலையம் இருந்தது. அனல்மின் நிலையத்தில் நீராவியைக் குளிர்விக்க ஏராளமான ஆற்றுநீர் தேவை. அதை உறிஞ்சும் வாயிலில், குப்பை உள்ளே போகாதபடி சல்லடைகள் பொருத்தியிருப்பார்கள். அந்தச் சல்லடையில் ஒரு சால்மன் மீன் வந்து சிக்கியது. ஒரு மீனுக்கா இத்தனை பேச்சு என்கிறீர்களா? 1833க்குப் பிறகு தேம்ஸில் அகப்பட்ட முதல் சால்மன் அது!

இடையில் 141 ஆண்டுகள். ஆற்றுக்கு என்ன நேர்ந்தது?

லண்டன் வளர வளர, அதன் கழிவுநீரும் வளர்ந்தது. எல்லாம் தேம்ஸில் கலந்தது. 1858 கோடையில் ஆற்றங்கரையிலிருந்த நாடாளுமன்றத்தில் உட்கார முடியாத அளவுக்கு நாற்றம் வீசியது. ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியாளர் பெரிய பாதாளச் சாக்கடைகளைக் கட்டி, கழிவுநீரை நகருக்குக் கிழக்கே கொண்டுபோய் ஆற்றில் விட்டார். நகரம் மூக்கைப் பிடிப்பதை நிறுத்தியது. ஆறு மட்டும் தப்பவில்லை. 1957இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், உயிரியல் கணக்கில் தேம்ஸ் இறந்துவிட்டது என்றே கூறியது. பல கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கைத் தவிர வேறு மீன் இல்லை. விலாங்கு தோல் வழியாகவும் சுவாசிக்கும். அதனால் அது மட்டும் பிழைத்தது.

ஆறு எப்படி 'இறக்கும்'? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்குச் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரிலோ, மிஞ்சிப்போனால் ஏழரை மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். நமக்குக் கிடைப்பதில் முப்பத்தாறில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மீன் குடித்தனம் நடத்துகிறது! நீர் சூடேறினால் அதுவும் குறையும்.

கழிவுநீரில் உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று சிதைக்கின்றன. தின்னும்போது அவையும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. ஒரு லிட்டர் நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் செலவாகும் என்பதை 'உயிர்வேதி ஆக்சிஜன் தேவை' என்பார்கள். வீட்டுக் கழிவுநீருக்கு இது சுமார் 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 250ஐ ஏழரையால் வகுத்துப் பாருங்கள். காற்றிலிருந்து புதிதாக ஆக்சிஜன் கரையாவிட்டால், ஒரு வாளிக் கழிவுநீர் முப்பத்து மூன்று வாளி ஆற்றுநீரின் ஆக்சிஜன் முழுவதையும் குடித்துவிடும்!

அப்படியானால் ஆக்சிஜன் மானியை ஆற்றில் அமிழ்த்தினால் நோய் தெரிந்துவிடுமே, மீன் எதற்கு? நான் இயற்பியல் கற்பிப்பவன்; கருவிகளை நம்புகிறவன். ஆனால், கருவி அது நீரில் இருக்கும் நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். பாசி மண்டிய நீரை நண்பகலில் சோதித்தால் ஆக்சிஜன் நிறைய இருக்கும். வெயிலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து அதை வெளிவிடுகிறது. இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது. சுவாசம் மட்டுமே நடக்கும். எனவே விடியலுக்குச் சற்று முன் ஆக்சிஜன் மிகக் குறைந்துவிடும். பகலில் வந்து சோதித்தவர் 'நன்று' என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். மீனோ இரவும் பகலும் அங்கேதான் இருக்கிறது. சென்ற வாரம் திறந்துவிட்ட கழிவையும், சென்ற மாதத்து வெப்பத்தையும் அதன் உடல் பதிவு செய்திருக்கும்.

1960களிலும் 1970களிலும் லண்டனின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை விரிவாக்கினார்கள். ஆற்றில் ஆக்சிஜன் திரும்பியது. மீன் திரும்பியதா என்று எப்படி அறிவது? மின்நிலையச் சல்லடையில் சிக்கும் மீன்களை எடுத்து வைக்கும்படி விஞ்ஞானிகள் கேட்டுக்கொண்டார்கள். புதுப்புது இனங்கள் வந்துகொண்டே இருந்தன. இன்று கடலோதம் ஏறி இறங்கும் தேம்ஸ் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட மீன் இனங்கள் பதிவாகியிருக்கின்றன.

சரி, ஒரு சால்மன் வந்ததும் ஆறு குணமாகிவிட்டதா? இல்லை. அதன் பின் சால்மன் குஞ்சுகளை ஆற்றில் விட்டுப் பார்த்தும், தானே பெருகும் சால்மன் கூட்டம் அங்கு நிலைக்கவில்லை. ஒரு மீன் செய்திதான். சாட்சி சொல்ல மீன் சமுதாயமே வேண்டும். 1981இல் அமெரிக்க உயிரியலாளர் ஜேம்ஸ் கார் இதற்கு ஒரு வழி வகுத்தார். எத்தனை உள்நாட்டு இனங்கள்? மாசு பொறுக்காத இனம் உண்டா? பிற மீனைத் தின்னும் மீன்கள் எவ்வளவு? புண்ணும் ஊனமும் உள்ளவை எத்தனை? இப்படிப் பன்னிரண்டு கேள்விகள். கெடாத ஓர் ஆற்றோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் 5, 3 அல்லது 1 மதிப்பெண். முழு நலம் என்றால் 60. மிகக் கேடு என்றால் 12. ஆற்றுக்கும் பரீட்சைதான்!

தேறிய மாணவன் மீண்டும் தவறுவதும் உண்டு. லண்டனில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே சாக்கடையில் ஓடுகின்றன. 2004 ஆகஸ்டில் பெருமழை கொட்டியது. சாக்கடை நிரம்பித் தேம்ஸில் வழிந்தது. ஆயிரக்கணக்கான மீன்கள் மூச்சுத் திணறிச் செத்தன. அவ்வாறு வழிவதைத் தடுக்க 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றைத் தோண்டினார்கள். 2025இல்தான் அது முழுமையாக இயங்கத் தொடங்கியது.

அடுத்த முறை உங்கள் ஊர் ஆற்றையோ குளத்தையோ கரையிலிருந்து பாருங்கள். அங்கு மீன் பிடிப்பவரிடம், 'ஐயா, முன்பு என்னென்ன மீன் கிடைத்தது? இப்போது என்ன கிடைக்கிறது?' என்று கேட்டு இரண்டு பட்டியல் எழுதுங்கள். விராலும் தேளியும் நீர்மட்டத்துக்கு வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கக்கூடியவை. இரண்டாம் பட்டியலில் அத்தகைய மீன்கள் மட்டுமே மிஞ்சியிருந்தால், அந்த நீருக்கு மூச்சு முட்டுகிறது என்று சந்தேகிக்கலாம். அந்தப் பட்டியல்களை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். விடியற்காலையில் ஆக்சிஜனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்!