விட்டு விட்டு வேலை செய்யும் வலைச் சில்லு



ஆயர் தாவார் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் ஒரு நாள் மாலை என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். இப்போது ஆறாம் படிவத்தில் இருக்கிறாள். "சார், மகளுக்குப் பழைய கணினி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இணையம் பத்து நிமிடம் வருகிறது, அறுந்து போகிறது. கடையில் காட்டினேன். மதர்போர்டு போய்விட்டது, அறுநூறு வெள்ளி ஆகும் என்கிறார்கள்" என்றார்.

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது உண்மைதான். அதில் 600 வெள்ளியை எடுத்துவிட்டால் வீட்டில் என்ன மிஞ்சும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே, செலவு செய்வதற்கு முன் பழுது எங்கே இருக்கிறது என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். பென்சிலும் தாளும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், வலைச் சில்லு என்றால் என்ன? கணினியின் பின்புறத்தில், தொலைபேசிக் கம்பி செருகும் துளையைவிடச் சற்று அகலமான ஒரு துளை இருக்கும். ரூட்டரிலிருந்து வரும் லேன் கேபிளை அதில்தான் செருகுகிறோம். அந்தத் துளைக்குப் பின்னால் மதர்போர்டில் ஒட்டியிருக்கும் விரல்நகம் அளவுள்ள சில்லுதான் கணினிக்கும் வெளியுலகுக்கும் இடையே தகவலை அனுப்பிப் பெறுகிறது. தைவானைச் சேர்ந்த ரியல்டெக் நிறுவனத்தின் சில்லுதான் பல கணினிகளில் இருக்கும். அந்நிறுவனத்தின் சின்னம் நண்டு. உற்றுப் பார்த்தால் சில்லின் முதுகில் நண்டுப் படம் தெரியும். முன்பெல்லாம் இந்த வேலைக்குத் தனி அட்டை ஒன்றை வாங்கிக் கணினிக்குள் செருகுவார்கள். விலை குறைய வேண்டும் என்பதற்காகப் பின்னாளில் மதர்போர்டிலேயே சேர்த்துவிட்டார்கள். இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள்; கடைசியில் உதவும்.

லயத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் உடனே குழாயைக் கழற்றுவதில்லை. பக்கத்து வீட்டில் வருகிறதா என்றுதானே முதலில் பார்க்கிறோம்? இங்கும் அதுவே முறை. கணினியில் இணையம் அறுந்த அதே நிமிடத்தில், அதே ரூட்டரின் வைஃபையில் இருக்கும் கைத்தொலைபேசியைப் பாருங்கள். அதன் சொந்த டேட்டாவை மறக்காமல் அணைத்துவிட்டுப் பாருங்கள். தொலைபேசியிலும் இணையம் இல்லையென்றால் குற்றம் கணினியுடையது அன்று. ரூட்டரோ வெளியிலிருந்து வரும் இணைப்போ காரணம். தொலைபேசியில் வந்து கணினியில் மட்டும் வரவில்லையென்றால், கேபிளிலிருந்து சில்லு வரையிலான பாதையைச் சோதிக்க வேண்டும்.

அடுத்து, துளையின் ஓரத்தில் இருக்கும் இரண்டு சிறு விளக்குகளைப் பாருங்கள். இரண்டுமே எரியவில்லை என்றால் மின்தொடர்பே இல்லை. கேபிள், துளை, சில்லு ஆகியவற்றில் ஒன்று பழுது. விளக்கு எரிந்தும் இணையம் இல்லையென்றால் கணினி பெற்றிருக்கும் முகவரி எண்ணைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், கணினி ரூட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் கிடைக்காமல், தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள்.

இப்போது கேபிள். செலவில்லாத சோதனை இது. ஆனாலும் பலர் இதைச் செய்வதே இல்லை. வேறொரு கேபிளை மாற்றிப் போடுங்கள். பிறகு ரூட்டரில் வேறு துளைக்கு மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. கேபிளின் முனையில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால், மேசை அசையும்போதெல்லாம் இணைப்பு அறும். எலி கடித்த கேபிளில் இன்னொரு வேடிக்கை உண்டு. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. விநாடிக்கு 1,000 மெகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட் வேகத்துக்கு நான்கே போதும். ஆகவே ஒரு கம்பி அறுந்தாலும் பல வேளைகளில் இணைப்பு முழுவதும் நிற்பதில்லை. வேகம் 1,000இலிருந்து 100க்கு இறங்கிவிடும். கணினி காட்டும் இணைப்பு வேகம் அப்படி ஏறி இறங்கினால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்.

அந்தப் பெண்ணிடம் நான் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். கிராணியார் செக்ரோல் போடுவதுபோல, இணைப்பு அறுந்த ஒவ்வொரு முறையும் மணி, விளக்கு எரிந்ததா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எழுதிவரச் சொன்னேன். நான்கு நாள் கணக்கைப் பார்த்தபோது இரண்டு செய்திகள் தெரிந்தன. சில முறை, கணினியைத் தொடாமல் அவள் பாடம் படித்துக்கொண்டிருந்தபோது அறுந்திருந்தது. மற்ற முறைகளில் வேலை நடுவிலேயே விளக்கு அணைந்திருந்தது.

முதல் வகைக்குக் காரணம் மின்சேமிப்பு. வேலை இல்லாதபோது வலைச் சில்லைத் தூங்க வைக்கும் ஏற்பாடு விண்டோஸில் உண்டு. தூங்கிய சில்லு சில வேளைகளில் சரியாக விழிப்பதில்லை. டிவைஸ் மேனேஜர் என்னும் பட்டியலைத் திறந்து, வலைச் சில்லின் பெயரைச் சொடுக்கி, பவர் மேனேஜ்மெண்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இதை அணைக்கலாம் என்று இருக்கும் குறியை எடுத்துவிட வேண்டும். சில புதிய கணினிகளில் இந்தப் பக்கம் இராது. அப்போது சில்லுக்குரிய டிரைவரை, அதாவது சில்லை இயக்கும் நிரலை, கணினியைத் தயாரித்தவரின் தளத்திலிருந்து எடுத்துப் புதுப்பித்துப் பார்க்கலாம். புதுப்பித்த பிறகுதான் கோளாறு தொடங்கியது என்றால் பழைய டிரைவருக்கே திரும்பிவிடுவது நல்லது.

இரண்டாம் வகைதான் எங்களைச் சிரமப்படுத்தியது. ஒரு நாள் காலையில் டிவைஸ் மேனேஜர் பட்டியலில் வலைச் சில்லின் பெயரே இல்லை. பெரட்டுக்கு வராத ஆள்போல அது காணாமல் போயிருந்தது. கணினியை அணைத்து மீண்டும் போட்டாள், வரவில்லை.

நேயர்களே, அணைத்த கணினி முழுவதும் அணைந்துவிடுவதில்லை. பிளக் சுவரில் இருந்து சுவிட்சும் போட்டிருக்கும்வரை 5 வோல்ட் மின்சாரம் மதர்போர்டுக்குச் சென்றுகொண்டே இருக்கும். தொலைவிலிருந்து கணினியை எழுப்பும் வசதிக்காக, வலைச் சில்லு அந்த மின்சாரத்தில் அரைத்தூக்கத்தில் கிடக்கும். அது குழம்பிப்போயிருந்தால், கணினியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அந்தக் குழப்பம் தீராது. அது மட்டுமன்று, 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், வேகமாகத் தொடங்குவதற்காக, அணைக்கும்போது நிலைமையின் ஒரு பகுதியைச் சேமித்து வைக்கும் வழக்கமும் வந்துவிட்டது. எனவே, கணினியை அணைத்து, பிளக்கையே பிடுங்கி, லேன் கேபிளையும் கழற்றி, கணினியின் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, சில நிமிடம் விட்டுவிட வேண்டும். பிறகு மீண்டும் இணைக்க வேண்டும். அப்படியே செய்தோம், சில்லு பட்டியலுக்குத் திரும்பியது. அன்று அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து நானும் வேலை முடிந்தது என்றே எண்ணிவிட்டேன்.

ஒரு வாரத்தில் மறுபடியும் போய்விட்டது. அப்போதுதான் அவள் தாய் சொன்னார்: கோளாறு தொடங்குவதற்கு முந்திய இரவு பெரிய இடி விழுந்ததாம்! இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். நம் நாட்டில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடி மின்னல் அதிகம். மின்னலின் வேகம் மின்சாரக் கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. தொலைபேசிக் கம்பி வழியாக மோடத்துக்கும், அங்கிருந்து லேன் கேபிள் வழியாகக் கணினிக்கும் வரும். துளைக்கும் சில்லுக்கும் இடையே தடுப்பாக ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. மின்னல் அருகில் விழுந்தால் அது மட்டும் போதாது. கண்ணாடி இழை இணைப்பு வந்த வீடுகளில் அந்த இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆயினும் ரூட்டரின் பிளக் வழியாகவும், வீட்டுக்கு வீடு இழுத்த நீளமான கேபிள் வழியாகவும் ஆபத்து உண்டு.

எல்லாப் பழியையும் இடியின்மேல் போடவும் முடியாது. இன்டெல் நிறுவனத்தின் ஐ225 என்னும் வலைச் சில்லில் வடிவமைப்பிலேயே குறை இருந்தது 2020இல் வெளிப்பட்டது. ஒரு தகவல் பொட்டலத்துக்கும் அடுத்ததற்கும் இடையே விட வேண்டிய இடைவெளி சரியாக அமையவில்லை. விநாடிக்கு 2.5 கிகாபிட் வேகத்தில், சில கருவிகளோடு சேர்ந்தபோது பொட்டலங்கள் தவறின. வேகத்தை 1 கிகாபிட்டாகக் குறைத்துக்கொள்வது தற்காலிக வழியாயிற்று. திருத்திய சில்லு பின்னர் வந்தது.

நிரலின் குற்றமா, சில்லின் குற்றமா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியில் உள்ள எதையும் அழிக்காமல் அதிலிருந்தே இயக்கலாம். அங்கும் அதே இடத்தில் அறுந்தால் பெரும்பாலும் சில்லே காரணம். எங்கள் சோதனையில் அங்கும் அறுந்தது.

ஆகவே கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. சில்லு கெட்டுத்தான் போயிருந்தது. ஆனால் மதர்போர்டின் மற்ற வேலைகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. தனி வலை அட்டை ஒன்றை, ஐம்பது வெள்ளிக்குள், வாங்கினோம். பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, அதன் இரும்புச் சட்டத்தை ஒரு முறை கையால் தொட்டுவிட்டு, காலியாக இருந்த பள்ளத்தில் அட்டையைச் செருகி ஒரு திருகாணியை முடுக்கினோம். மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. பிறகு கணினி தொடங்கும்போது பயாஸ் பக்கத்துக்குச் சென்று பழைய சில்லை முடக்கினோம். கணினிப் பெட்டியைத் திறக்க அஞ்சுவோருக்கு யுஎஸ்பி துளையில் செருகும் வகையும் கிடைக்கிறது.

அந்தப் பெண் அதே கணினியில்தான் இன்றும் படிக்கிறாள். வானம் கறுக்கும்போதே பிளக்கையும் லேன் கேபிளையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறாள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு மட்டும் எந்தக் கம்பியையும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.