சுவரில் முடிந்த நடை (உடலே ஊடகம் – தொடர் 11)

நிகழ்த்துகலைஞர்கள் மரினா அப்ரமோவிச், உலாய் என்ற பெயர்களைக் கேட்டதும் பலருக்கும் ஒரு காணொளிதான் நினைவுக்கு வரும். 2010, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம். மேசைக்கு இந்தப் பக்கம் மரினா. எதிரில் வந்து உட்காரும் பழைய காதலரைப் பார்த்ததும் அவர் கண் கலங்குகிறது. கோடிக்கணக்கானோர் பார்த்து உருகிவிட்டார்கள். இருவரும் எப்படிப் பிரிந்தார்கள் என்று கேட்டால், "சீனப் பெருஞ்சுவரின் இரு முனைகளிலிருந்து நடந்து வந்து நடுவில் பிரிந்தார்கள்" என்று சினிமா க்ளைமாக்ஸ் போல ஒரே வரியில் பதில் வரும். வரி சரிதான். ஆனால் அதில் அனுமதிக் கடிதங்கள் இல்லை, மொழிபெயர்ப்பாளர்கள் இல்லை, கூடவே நடந்த சீன அதிகாரிகள் இல்லை. என்னைக் கேட்டால், அந்த நிகழ்த்துகலையின் பாதி அவர்கள்தான்.

1970-களின் நடுவில் ஆம்ஸ்டர்டாமில் சந்தித்தவர்கள் இருவரும். வீடு வாசல் இல்லாமல் ஒரு பழைய வேனில் ஐரோப்பா முழுக்கச் சுற்றினார்கள். 1980-இல் ஒரு நிகழ்த்துகலையில் வில்லை மரினா பிடித்துக்கொள்ள, நாணேற்றிய அம்பை அவர் நெஞ்சுக்கு நேராக உலாய் இழுத்து நின்றார். கை நழுவினால் உயிர் போயிருக்கும். பெருஞ்சுவர் யோசனையும் அந்தக் காலத்தில்தான் உருவானது. ஆளுக்கொரு முனையில் கிளம்பி, சந்திக்கும் இடத்தில் திருமணம் செய்துகொள்வது. 'காதலர்கள்' என்று தலைப்பும் வைத்தாயிற்று.

சீன அரசு லேசில் சம்மதிக்கவில்லை. கடிதப் போக்குவரத்து வருடக்கணக்கில் இழுத்தது. இதற்கிடையே 1984-இல் லியு யூதியான் என்ற சீன ரயில்வே ஊழியர் சுவர் நெடுக நடக்கக் கிளம்பிவிட்டார். வெளிநாட்டுக்காரர் யாரும் முந்திவிடக் கூடாது என்றுதான் அவர் கிளம்பினார் என்று பரவலாகச் சொல்வார்கள். அனுமதி வந்து சேர்ந்தபோது காதல் முறிந்திருந்தது. நடையை இவர்கள் கைவிடவில்லை. திருமணத்துக்கு வைத்திருந்த முடிவைப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

1988 மார்ச் 30 அன்று மரினா கிழக்கே, கடலுக்குள் தலை நீட்டும் ஷான்ஹைகுவானில் தொடங்கினார். உலாய் மேற்கே, கோபி பாலைவன ஓரத்து ஜியாயுகுவானில். மரினாவின் பக்கம் செங்குத்தான மலைமுகடுகள். சுற்றுலாப் படங்களில் பார்க்கும் செப்பனிட்ட சுவர் கொஞ்ச தூரம்தான். மற்றபடி சரிந்த செங்கல், உருளும் கல், கை ஊன்றி ஏற வேண்டிய இடங்கள். உலாயின் பக்கம் சுவரே மண். இடித்து இறுக்கிய மண்ணை நூற்றாண்டுகளாகக் காற்று அரித்து வெறும் மேடாக்கியிருந்தது.

சுவர் மேலேயே படுத்து, வானம் பார்த்துத் தூங்குவதாகத்தான் கனவு. நடந்தது வேறு. இரவானால் பெரும்பாலும் பக்கத்து ஊருக்கோ விடுதிக்கோ இறங்கிவிட வேண்டும் என்பது அதிகாரிகளின் ஏற்பாடு. சுவரிலிருந்து ஊருக்கு மணிக்கணக்கில் நடை, விடிந்ததும் மறுபடி ஏற்றம். ஆனால் அந்த இறக்கத்தால் ஒரு லாபமும் உண்டு. போன ஊரிலெல்லாம் மிக மூத்தவரை அழைத்துவரச் சொல்லி, சுவரைப் பற்றியும் டிராகன்களைப் பற்றியும் மரினா கதை கேட்டார். தனிமைத் தவம் என்று விமர்சகர்கள் எழுதிய நடை, உண்மையில் ஒரு சிறு கூட்டத்தோடு நடந்தது. அதனால் அது தாழ்ந்துவிடவில்லை என்பதுதான் என் கட்சி. மலையைத் தாங்குவதைவிட, நாள் முழுக்கக் கூடவே வரும் அதிகாரியைத் தாங்குவது கடினம்.

ஜூன் 27, தொண்ணூறாவது நாள். சென்சி மாகாணத்தில் ஷென்மு அருகே எர்லாங் ஷான். காற்று கொண்டுவந்து குவித்த மஞ்சள் மண்ணாலான மேட்டு நிலம் அது. மழை பள்ளம் பள்ளமாக அறுத்துவைத்திருக்கும். ஆளுக்குச் சுமார் 2,000 கிலோமீட்டர் நடந்திருந்தார்கள். படம் எடுக்க வாகாகக் கோயில்கள் உள்ள இடம் என்று உலாய் அங்கேயே மூன்று நாள் காத்திருந்ததாக மரினா பிறகு தன் சுயசரிதையில் கோபத்தோடு எழுதினார். நடந்துகொண்டே இருப்பது, எங்கே எதிர்ப்படுகிறோமோ அங்கே முடிப்பது என்பதல்லவா விதி! இந்த விஷயத்தில் நான் மரினா பக்கம். தழுவிக்கொண்டார்கள், பிரிந்தார்கள். கூட நடந்த மொழிபெயர்ப்பாளரை அதே ஆண்டு உலாய் மணந்துகொண்டார்.

சண்டை அத்தோடு ஓயவில்லை. கூட்டுப் படைப்புகளின் பங்குப் பணத்துக்காக உலாய் வழக்குப் போட்டார். 2016-இல் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் அவருக்கு இரண்டரை லட்சம் யூரோவுக்கு மேல் கொடுக்கச் சொன்னது. காணொளியில் கண்ணீரைப் பார்த்தவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020-இல் உலாய் காலமானார்.

அடுத்த வாரம்: எட்டடிக் கயிற்றால் இடுப்பில் பிணைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் தொடாமல் ஓராண்டு வாழ முனைந்த தேச்சிங் ஷே – லிண்டா மொன்டானோ.