எண்ணெய் கேட்க வெட்கப்பட்டார்!

இத்தாலி நாட்டில் அசிசி என்று ஒரு மலை நகரம். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அந்த ஊர் வீதியில் ஒரு வாலிபர் நடந்து போனார். உடம்பில் முரட்டுத் துணி. பாழடைந்த சிறு தேவாலயம் ஒன்றில் விளக்கு ஏற்ற அவருக்கு எண்ணெய் தேவைப்பட்டது. பிச்சை கேட்கப் புறப்பட்டிருந்தார்.

ஒரு வீட்டின் முன்னால் கூட்டமாகச் சிலர் விளையாடிக்கொண்டு இருந்தார்கள். எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். அவர்களைப் பார்த்ததும் வாலிபரின் கால் தயங்கியது. முகம் சிவந்தது. சத்தம் இல்லாமல் திரும்பி நடந்துவிட்டார்.

சிறிது தூரம்தான் போயிருப்பார். "சே, இவ்வளவுதானா நான்?" என்று மனம் குத்தியது. மறுபடியும் அதே வீட்டுக்கு வந்தார். எல்லோருக்கும் முன்னால், "எண்ணெய் கேட்க வந்தவன்தான். உங்களைக் கண்டு வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டேன்" என்ற விவரத்தை ஒளிக்காமல் சொன்னார். பிறகு எண்ணெய் கேட்டார்!

அவர்தான் பிரான்சிஸ். உலகம் இன்று "அசிசி பிரான்சிஸ்" என்று கொண்டாடும் மகான்.

பட்டும் பகட்டும்

பிரான்சிஸ் ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. தகப்பனார் பியத்ரோ பெர்னார்தோனே பெரிய ஜவுளி வியாபாரி. மகனுக்குப் பணம் தண்ணீர் பட்ட பாடு. விருந்து, பாட்டு, கூத்து! இளைஞர் கூட்டத்துக்கு அவரே தலைவர். போர்வீரனாகிப் பெரிய பிரபுவாக வேண்டும் என்பது அவர் கனவு.

1202-ல் பக்கத்து நகரமான பெருஜியாவுடன் சண்டை வந்தது. அதில் பிடிபட்டு ஓர் ஆண்டு சிறையில் கிடந்தார். பிறகு நோய். எழுந்ததும் மறுபடி போருக்குக் கிளம்பினார். பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். மனம் மாறத் தொடங்கியிருந்தது. தனியாகக் குகைகளுக்குப் போய் நெடுநேரம் ஜெபம் செய்தார்.

அவருக்குத் தொழுநோயாளிகளைக் கண்டால் அருவருப்பு. தூரத்தில் பார்த்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போவார். ஒரு நாள் குதிரையில் போகும்போது ஒரு தொழுநோயாளி எதிரே வந்தார். பிரான்சிஸ் இறங்கினார். காசு கொடுத்தார். அந்தக் கையை முத்தமிட்டார்! பிறகு அவர்கள் நடுவிலேயே போய்ப் பணிவிடை செய்தார். தம் வாழ்க்கை மாறியது அங்கேதான் என்று கடைசிக் காலத்தில் அவரே எழுதிவைத்தார்.

தகப்பனாருக்கோ ஆத்திரம். அதுவும் நியாயமே. தேவாலயத்தைப் பழுது பார்ப்பதற்காக மகன் கடைத் துணியை எடுத்து விற்றுவிட்டால் எந்தத் தகப்பன்தான் சும்மா இருப்பார்? வழக்கு பிஷப்பிடம் போனது. 1206-ல், ஊரார் பார்க்க, பிரான்சிஸ் பணத்தோடு தாம் உடுத்திய உடையையும் கழற்றித் தகப்பனார் முன் வைத்துவிட்டார். பிஷப் தம் அங்கியால் அவரை மூடினார்.

புதிய கர்வம்

இதோடு கர்வம் ஒழிந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை! பணக்காரனுக்குப் பணத்தால் கர்வம். சாமியாருக்கோ, "நான் எல்லாம் துறந்தவன்" என்று கர்வம் வரும். இது முன்னதைவிடப் பொல்லாதது. பிரான்சிசுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒரு சமயம் நோயாக இருந்தபோது கோழிக்கறி சாப்பிட்டார். ஊரார் அவரைப் பெரிய விரதக்காரர் என்று நம்பிக்கொண்டு இருந்தார்கள். உடனே ஒரு சகோதரரை அழைத்தார். தம் கழுத்தில் கயிறு கட்டி, "இதோ, உங்களுக்குத் தெரியாமல் கோழி தின்ற பெருந்தீனிக்காரன்!" என்று கூவியபடி வீதியில் இழுத்துப் போகச் சொன்னார்.

இன்னொரு சமயம் குளிர். வயிற்றுக்கு இதமாக உடைக்குள்ளே நரித்தோல் வைத்துத் தைக்க உடனிருந்தவர் விரும்பினார். பிரான்சிஸ் ஒரு நிபந்தனை போட்டார். வெளியிலும் ஒரு துண்டு வைத்துத் தைக்க வேண்டும்! உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டாமா?

தம்மிடம் இவ்வளவு கண்டிப்பு. பிறரிடமோ தாயுள்ளம். ஒரு நடு இரவில், விரதம் இருந்த ஒரு சகோதரர் பசி தாங்காமல் அலறினார். பிரான்சிஸ் எழுந்து உணவு வைக்கச் சொன்னார். அவர் தனியாகச் சாப்பிட்டால் வெட்கப்படுவாரே! தாமும் கூட உட்கார்ந்து சாப்பிட்டார்.

தலைவர் பதவியும் வேண்டாம்

1209-ல் தோழர்களோடு ரோமாபுரி போய்ப் போப்பாண்டவரின் அனுமதி பெற்றார். தம் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் "சிறிய சகோதரர்கள்". கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. புகழும் பெருகியது. 1220-ல் தலைமைப் பொறுப்பைப் பீட்டர் கட்டானி என்ற சகோதரரிடம் ஒப்படைத்தார். எல்லோரும் பார்க்க அவர் முன் பணிந்து, "இனி உமக்குக் கீழ்ப்படிவேன்" என்று வாக்களித்தார். சகோதரர்கள் அழுதார்கள். தாம் தொடங்கிய சங்கத்தில் தாமே தொண்டர்! அது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. பின்னால் வந்தவர்கள் செய்த சில மாறுதல்கள் அவருக்கு வருத்தம் தந்தன. ஆனாலும் பதவியைத் திரும்பக் கேட்கவில்லை. மலைக்குப் போய் ஜெபத்தில் மூழ்கினார்.

1226 அக்டோபர் 3. கண் பார்வை அனேகமாகப் போய்விட்டது. உடம்பு எலும்பும் தோலும். மரணம் நெருங்கியபோது, உடையைக் களைந்து வெறும் தரையில் கிடத்தச் சொன்னார்.

ஒரு சகோதரர் உடை கொண்டுவந்தார். தானமாகக் கொடுத்தால் பிரான்சிஸ் வாங்கமாட்டார். வாங்கினாலும் வேறு ஏழைக்குக் கொடுத்துவிடுவார். அதனால் அந்தச் சகோதரர் ஒரு யோசனை செய்தார். இது இரவல்தான், யாருக்கும் கொடுக்க உமக்கு உரிமை இல்லை என்று உத்தரவாகவே சொல்லிவிட்டார்.

பிரான்சிஸ் மகிழ்ந்து போனார். இரவல் உடையை உடுத்திக்கொண்டார்.